மாணவர் கண்டதும் ஆசிரியர் ஏற்றதும்: நலத்துறை இளநிலைக் கல்வியில் ஆய்வுப் பங்காண்மை

மருத்துவம், செவிலியம், பல் மருத்துவம், இயன்முறை மருத்துவம் முதலான நலத்துறைப் படிப்புகளில் இளநிலைப் பட்டத்துக்குப் பயிலும் மாணவர், தம் கல்லூரியில் நடக்கும் ஆய்வோடு பெரும்பாலும் இரண்டு வகைகளில்தான் தொடர்பு கொள்கிறார். வகுப்பு முடியும் வேளையில் கையில் தரப்படும் வினாப்படிவத்தில் உறக்கம், மன அழுத்தம், கைப்பேசிப் பழக்கம் பற்றிய கேள்விகளுக்கு விடை குறிக்கும்போது அவர் ஆய்வுக்கு உட்படுபவராகிறார். துறையின் பழைய நோயாளர் பதிவேடுகளிலிருந்து எண்களைப் பெயர்த்தெடுத்துக் கணினியில் ஏற்றித் தரும்போது ஆய்வுக்கு உழைப்பவராகிறார். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாம் நிலை ஒன்றுண்டு. எதை ஆராய்வது, எவ்வாறு ஆராய்வது, கிடைத்ததற்கு என்ன பொருள் கொள்வது ஆகிய மூன்று கட்டங்களிலும் மாணவரின் சொல்லுக்கும் எடை தரப்படும் அந்நிலையையே ஆய்வுப் பங்காண்மை என இச்சொற்பொழிவு குறிக்கிறது.

உயர்கல்வி ஆய்வாளர்களான அலிசன் குக்-சாதர், கேத்தரின் போவில், பீட்டர் ஃபெல்டன் ஆகியோர் 2014இல் வெளியிட்ட நூலில், பங்காண்மையில் ஈடுபடும் அனைவரும் ஒரே வகையில் பங்களிக்க வேண்டியதில்லை என்றும், பங்களிப்பதற்கான வாய்ப்பு மட்டும் அனைவருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்றும் விளக்கினர். இவ்விளக்கம் சரியானதே, பேராசிரியரின் முப்பதாண்டு அறிவும் மூன்றாமாண்டு மாணவரின் அறிவும் சமம் என்று யாரும் வாதிடப் போவதில்லை. ஆயினும் கல்லூரிகளின் அன்றாட நடைமுறையில் வைத்துப் பார்க்க இதைவிடக் கூர்மையான அளவுகோல் தேவைப்படுகிறது. ஆசிரியர் எதிர்பார்த்ததற்கு மாறான ஒன்றை மாணவர் காணும்போது ஆய்வு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே அந்த அளவுகோல். மாணவரின் கண்டறிவு ஆய்வின் போக்கை மாற்ற முடியுமானால் அங்கே பங்காண்மை நிலவுகிறது. அது பிழையென்று ஒதுக்கப்பட்டுத் திட்டம் முன்போலவே தொடருமானால், விண்ணப்பத்தில் எத்தனை அழகிய சொற்கள் இடம்பெற்றிருந்தாலும், அங்கே நடப்பது வேலை வாங்குதல்தான்.

1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதற்கு வடிவம் தந்த வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட், ஆசிரியர் மாணவருக்காக இருப்பவர் என்ற பழைய எண்ணத்தை மறுத்து, இருவருமே அறிவுத் தேட்டத்துக்காக இருப்பவர்கள் என்று கருதினார். அக்கருத்து நெடுங்காலம் ஆய்வுப் பட்ட மாணவர்களின் அளவிலேயே நின்றுவிட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மக்விகர் 1969இல் தொடங்கிய திட்டம் இளநிலை மாணவரை ஆய்வகத்துக்குள் முறையாகக் கொண்டுவந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. நலத்துறைக் கல்விக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. இங்கே ஆய்வுப் பொருள் நோயுற்ற மனிதர். பாடத்திட்டம் மூச்சுவிட இடமில்லாதது. வார்டில் தலைமைப் பேராசிரியர் முதல் பயிற்சி மருத்துவர் வரை நீளும் படிநிலையின் கடைசிப் படியில் மாணவர் நிற்கிறார்.

எனினும் மருத்துவ வரலாற்றில் மாணவரின் கைக்குப் பழைய உரிமை உண்டு. இலண்டன் புனித பர்த்தலோமியோ மருத்துவமனையில் முதலாண்டு மாணவராயிருந்த ஜேம்ஸ் பேஜட், 1835இல் பிணக்கூறாய்வு மேசையில் தசையில் தென்பட்ட வெண்புள்ளிகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அவை நுண்ணிய புழுக்களின் உறைகள் என்று கண்டார். டிரிக்கினா என்று அப்புழுவுக்குப் பெயரிட்டு அறிவுலகுக்கு அறிவித்தவரோ புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன். பெர்லினில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தோலில் கிளைத்த வடிவில் அமைந்த உயிரணுக்களை 1868இல் விவரித்தார். மறு ஆண்டில் பட்ட ஆய்வேட்டுக்காகக் கணையத்தைத் துருவியபோது, செரிமான நீரைச் சுரக்கும் பகுதிகளிடையே தீவுகளைப்போல் சிதறிக் கிடந்த உயிரணுத் தொகுதிகளைக் கண்டார். அவற்றின் பணி என்ன என்பது தமக்குத் தெரியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. இன்சுலின் சுரக்கும் இடம் அதுவே என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. விளக்கம் கைக்கு எட்டாத நிலையிலும் கண்டதைக் கண்டபடி எழுதிவைப்பதே மாணவர் அறிவியலுக்கு அளிக்கக்கூடிய பெருங்கொடை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஆசிரியரும் மாணவரும் உண்மையிலேயே இணைந்து நின்றதற்கு ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இணையைக் காட்டலாம். இதயத் துடிப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்ற வினா அக்காலத்தில் ஐரோப்பிய உடலியலாளர்களை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. இலண்டனில் உடற்கூற்றியல் கற்பித்த கீத், தம் மாணவரான ஃபிளாக்கை 1906ஆம் ஆண்டின் கோடையில் கெண்ட் மாவட்டத்திலிருந்த தம் வீட்டுக்கு அழைத்து, விலங்குகளின் இதயங்களை மெல்லிய சீவல்களாக்கி ஆராயும் பணியில் ஈடுபடுத்தினார். கீத் வெளியே சென்றிருந்த ஒரு நாளில், அகழெலியின் இதயச் சீவல் ஒன்றில், பெருஞ்சிரை வலது மேலறையோடு கூடும் இடத்தில் மற்றத் தசையினின்று வேறுபட்ட ஒரு சிறு கணுவை ஃபிளாக் கண்டார். திரும்பி வந்த ஆசிரியர், மற்ற உயிரினங்களின் இதயங்களிலும் அதே இடத்தைத் தேடிப் பார்த்து உறுதி செய்தார். 1907இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. இதயத்தின் இயல்பான துடிப்பைத் தொடங்கிவைக்கும் அக்கணுவை மருத்துவ நூல்கள் இன்றும் கீத்–ஃபிளாக் கணு என்று இருவர் பெயராலும் சுட்டுகின்றன. மாணவர் தனித்திருந்து பார்க்கும் பொழுதை ஆசிரியர் நல்கினார், பார்த்ததைச் சோதித்தார், பெயரையும் பகிர்ந்தார்.

இதற்கு நேர் மாறாகச் சிக்கலான கதை ஹெப்பாரினுடையது. இரத்தம் உறையாமல் காக்கும் இம்மருந்து இன்று உலகெங்கும் அறுவை அரங்குகளிலும் இரத்தச் சுத்திகரிப்பு அறைகளிலும் பயன்படுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இரத்த உறைவு பற்றிய ஆய்வில் பெயர்பெற்ற வில்லியம் ஹோவெல், மருத்துவ மாணவரான ஜே மெக்லீனுக்கு அளித்த பணி, மூளைத் திசுவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் செஃபாலின் என்ற கொழுப்பொத்த பொருள்தான் இரத்தத்தை உறையச் செய்கிறதா, அல்லது அதனோடு கலந்திருக்கும் மாசு உறையச் செய்கிறதா என்பதைத் தெளிவிப்பது. மெக்லீன் மூளையோடு நில்லாமல் இதயம், கல்லீரல் ஆகியவற்றின் சாறுகளையும் வடித்தெடுத்தார். எடுத்த சாறுகளை எறிந்துவிடாமல் வைத்திருந்து மீண்டும் மீண்டும் சோதித்தார். நாள் செல்லச் செல்ல அவற்றின் உறையச் செய்யும் ஆற்றல் குன்றியது எதிர்பார்த்ததே. கல்லீரற்சாறு அதையும் கடந்து இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கத் தொடங்கியது எவரும் எதிர்பாராதது.

மெக்லீன் தம் இறுதிக் காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பின்படி, இதைக் கேட்ட ஹோவெல் முதலில் நம்பவில்லை. அதனால் மெக்லீன், பூனையொன்றின் இரத்தத்தைச் சிறு கண்ணாடிக் குவளையில் பிடித்து, அதில் கல்லீரற்சாற்றைக் கலந்து, ஆசிரியரின் மேசைமீது வைத்து, எப்போது உறைகிறது என்று சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். அந்த இரத்தம் உறையவேயில்லை. இது நடந்தது 1916இல். அவ்வாண்டிலேயே மெக்லீன் தம் பெயரில் வெளியிட்ட கட்டுரை, உறையச் செய்யும் பொருளைப் பற்றியே பெரிதும் பேசி, உறைவைத் தடுக்கும் பொருளைச் சில வரிகளில் குறித்தது. அவர் ஆய்வகத்தை விட்டு நீங்கிய பின்னர், ஹோவெல் மற்றொரு மருத்துவ மாணவரான எம்மெட் ஹோல்ட்டுடன் இணைந்து ஆய்வைத் தொடர்ந்து, 1918இல் ஹெப்பாரின் என்ற பெயரைச் சூட்டினார். கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கு பல பத்தாண்டுகள் மருத்துவ இதழ்களில் நீண்டது.

இவ்வழக்கில் ஒரு பக்கம் மட்டும் நின்று தீர்ப்பளிப்பது முறையாகாது. இன்று மருந்தாகப் பயன்படும் ஹெப்பாரின் சர்க்கரைத் தொடர்களால் ஆன பொருள். மெக்லீன் கண்டதாகக் கருதப்பட்டதோ கொழுப்பொத்த பொருள். அந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்தத் தொடங்கியவை ஹோவெலின் 1920களின் ஆய்வுகளே. வினாவும் முறையும் ஆய்வகமும் ஆசிரியருடையவை. தமக்கிடப்பட்ட வேலையின் எல்லையைத் தாண்டிப் பார்த்ததும், ஆசிரியர் மறுத்தபோதும் பின்வாங்காமல் குவளையைக் கொண்டுவந்து வைத்ததும் மாணவருடையவை. ஹோவெலின் பெருமை அவர் முதலில் ஐயுற்றதில் குறைந்துவிடவில்லை. ஐயுற்றபின் அந்தக் குவளையைக் கவனித்ததிலேயே அது நிலைபெறுகிறது. குறை எங்கேயென்றால், யார் எதைக் கண்டார் என்பது அப்போதே எழுத்தில் வகுக்கப்படாததில்தான். எழுதப்படாத அந்த ஒரு பக்கம் இரண்டு நேர்மையான மனிதர்களின் உறவைப் பிற்காலத்தார் வழக்காக்கிவிட வழிசெய்தது.

ஹெப்பாரினைத் தூய்மைப்படுத்தி நோயாளருக்குச் செலுத்தத்தக்க மருந்தாக்கும் பணியை 1930களில் டொரான்டோவில் வழிநடத்தியவர் சார்லஸ் பெஸ்ட் என்பதும் இங்கே கருதத்தக்கது. 1921இல் உடலியலில் பட்டம் முடித்த கையோடு, இருபத்திரண்டு வயதில், ஃபிரடெரிக் பாண்டிங்குக்குத் துணையாக இன்சுலின் ஆய்வில் நுழைந்து, இரத்தச் சர்க்கரையை அளக்கும் பொறுப்பை ஏற்றவர் அவர். 1923இல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் பேராசிரியர் மெக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டபோது, பாண்டிங் தம் பங்குத் தொகையில் பாதியைப் பெஸ்ட்டுக்கு அளித்தார். பரிசுக் குழு காணாத பங்கை உடன் உழைத்தவர் கண்டார்.

இந்தியாவில் இளநிலை மருத்துவ மாணவருக்கு ஆய்வின் வாயிலை முறையாகத் திறந்தது, ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1979இல் தொடங்கிய குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டமாகும். தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு மாணவர் தாமே முன்மொழிவை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கப்பட்டால் இரண்டு மாத கால அளவில் ஆய்வை முடித்து அறிக்கை அளிக்க வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பின் உதவித்தொகையும் சான்றிதழும் வழங்கப்படும். விண்ணப்பம் மாணவரின் பெயரில் அமைவது இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பு. ஆனால் இரண்டு மாதம் என்ற வரம்பு வினாவையே சுருக்கிவிடுகிறது. பலகாலம் தொடர்ந்து கவனிக்க வேண்டிய பொருள்கள் விலகிப்போய், ஒரு நோயைப் பற்றிய அறிவு, மனப்பான்மை, நடைமுறை ஆகியவற்றை வினாப்படிவம் கொண்டு அளக்கும் ஆய்வுகள் குவிகின்றன. அவற்றிலும் விடையளிப்போர் பல வேளைகளில் பக்கத்து வகுப்பு மாணவர்களாகவே அமைகின்றனர். எளிதில் முடிக்கக்கூடிய வினாவை ஆசிரியர் எடுத்துக் கொடுப்பதும், அதை மாணவர் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்வதும் பழகிப்போகின்றன.

சிறு கால அளவுக்குள்ளும் நல்ல வினா பிறக்க முடியும் என்பதற்குப் புறநோயாளர் பிரிவிலேயே எடுத்துக்காட்டு கிடைக்கிறது. இரத்த அழுத்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் புதிதாக வார்டுக்கு வந்த மாணவர் புரட்டினால் 120/80, 130/90, 110/70, 140/90 என்று எண்கள் வரிசையாகப் பூச்சியத்தில் முடிவதைக் காண்பார். பல ஆண்டுகளாக அப்பதிவேட்டில் கையெழுத்திட்டு வரும் கண்ணுக்கு அது தென்படாது. பாதரச இரத்த அழுத்தமானியின் அளவுகோல் இரண்டிரண்டு மில்லிமீட்டராகக் கோடிடப்பட்டிருப்பதால், கவனமாக அளந்தால் எண்கள் 0, 2, 4, 6, 8 என்ற ஐந்து இலக்கங்களில் ஏறக்குறைய சமமாக முடிய வேண்டும். அதாவது, பூச்சியத்தில் முடிபவை ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே இருக்க வேண்டும். அதைவிட மிகுதியாக இருந்தால் அளப்பவர்கள் எண்ணை முழுமையாக்கி எழுதுகின்றனர் என்று பொருள். மருத்துவப் புள்ளியியலில் இறுதி இலக்கச் சாய்வு என்று அறியப்படும் இக்குறை சிறிதன்று. 140 என்பது உயர் இரத்த அழுத்தத்தின் எல்லைக்கோடாகக் கொள்ளப்படும் இடத்தில், 136 உள்ளவர் 140 என்று எழுதப்பட்டு மாத்திரை தொடங்கப்படலாம், 144 உள்ளவரும் 140 என்றே எழுதப்பட்டு இருவருக்குமிடையிலான வேறுபாடு மறைந்துபோகலாம்.

இங்கே கவனிப்பு மாணவருடையது. பதிவேட்டைப் பெறும் வழி, எத்தனை பதிவுகள் போதும் என்ற கணக்கு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஆகியவை ஆசிரியரால் ஆகின்றன. அளப்பவரான செவிலியரையும் அழைத்துப் பேசினால்தான், ஒரு காலையில் எத்தனை பேரை அவர் அளக்க வேண்டியிருக்கிறது என்ற உண்மையான காரணம் வெளிப்படும். இல்லையெனில் ஆய்வு குற்றப்பத்திரிகையாக முடியும். இத்தகைய ஆய்வின் முடிவு அத்துறைக்கே சங்கடம் தருவதாக அமையக்கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்போது துறைத்தலைவர் அதைத் துறைக் கூட்டத்தில் வைக்கச் சொல்கிறாரா, தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்கிறாரா என்பதில்தான் முதலில் கூறிய அளவுகோலின் சோதனை நிகழ்கிறது. அந்த முடிவைத் தாங்கிக்கொள்ளும் துறையில் பயிலும் மாணவர், தம் வாழ்நாள் முழுவதும் எண்ணைப் பார்த்தபடியே எழுதுவார்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இவ்வகையில் பெரிய வாய்ப்பைத் திறந்திருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டு தொடங்கிச் சில குடும்பங்களின் நலத்தைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒரே குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் சந்திப்பவர், இரண்டு மாத ஆய்வில் கேட்கவே முடியாத வினாக்களைக் கேட்கலாம். இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சென்ற பெண் அதை எத்தனை நாள் உட்கொண்டார், நிறுத்தியது வயிற்றுக் கோளாறாலா, மாமியாரின் சொல்லாலா என்பவை அத்தகையவை. ஆனால் இங்கே உறுதியான எச்சரிக்கை ஒன்றும் தேவை. மாணவர் கற்றுக்கொள்வதற்காகக் கதவைத் திறந்த குடும்பம், ஆய்வுக்கு உட்படுவதற்கு இசைவு தந்துவிடவில்லை. ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின்படி, மனிதர் பங்கேற்கும் ஆய்வை நெறிமுறைக் குழு முன்கூட்டியே ஆராய்ந்து ஏற்க வேண்டும். பங்கேற்போரிடம் விளக்கிச் சொல்லி இசைவு பெறுவதும் வேண்டும். அந்நெறிமுறைகள் படிநிலையில் கீழிருப்போரின் இசைவு தன்னுரிமையோடு தரப்பட்டதா என்பதையும் கவனிக்கச் சொல்கின்றன; மதிப்பெண் இடும் ஆசிரியர் தரும் வினாப்படிவத்தை நிரப்பும் மாணவருக்கும் இக்காப்பு பொருந்தும்.

பெயர் பற்றிய வினா இனி எஞ்சுகிறது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்துள்ள நெறியின்படி, ஆய்வின் வடிவமைப்பிலோ தரவைத் திரட்டுவதிலோ ஆராய்வதிலோ குறிப்பிடத்தக்க பங்காற்றுதல், கட்டுரையை எழுதுதல் அல்லது அறிவார்ந்த முறையில் திருத்துதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருதல், கட்டுரை முழுமைக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் நிறைவேறினால்தான் ஒருவர் கட்டுரையாசிரியராகக் கருதப்படுவார். தரவைத் திரட்டிய மாணவரை எழுதும் கட்டத்தில் அழைக்காமல் விட்டுவிட்டு, பின்னர் அவர் நெறியை நிறைவு செய்யவில்லை என்று பெயரை நீக்குவது அந்நெறியின் நோக்கத்துக்கே மாறானது. ஆசிரியர்களின் பதவி உயர்வு கட்டுரைகளின் எண்ணிக்கையோடும் அவற்றில் பெயர் நிற்கும் வரிசையோடும் பிணைக்கப்பட்டிருப்பதால், நல்லெண்ணம் கொண்ட ஆசிரியருக்கும் இங்கே நெருக்கடி உண்டு. ஆய்வு தொடங்கும் நாளிலேயே யார் எதைச் செய்வது, எந்த வரிசையில் பெயர் அமைவது, வேலைப் பங்கு மாறினால் வரிசை எவ்வாறு மாறும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால், நெருக்கடியின் பெரும்பகுதி குறையும்.

இதே சிக்கலுக்குப் பிரிட்டன் மாணவர்கள் வேறொரு விடை கண்டனர். அங்கே 2013இல் உருவான ஸ்டார்சர்க் என்ற மாணவர் கூட்டமைப்பு, நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளின் மாணவர்களை ஒரே ஆய்வுத் திட்டத்தின்கீழ் இணைத்து, குடல் அறுவைக்குப்பின் தரப்படும் ஒருவகை வலிநீக்கி மருந்துகள் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் தரவைக் குறுகிய காலத்தில் திரட்டியது. திட்டத்தை வகுத்ததிலும் மாணவர்களுக்குப் பங்கிருந்தது. கட்டுரை கூட்டமைப்பின் பெயரில் வெளிவந்து, உழைத்த ஒவ்வொருவர் பெயரும் கூட்டாய்வாளராகப் பதிவாயிற்று. தனி மாணவரால் ஆகாத அளவைக் கூட்டு முயற்சி தருகிறது என்பது உண்மை. தொலைவிலுள்ள மருத்துவமனையில் படிவம் நிரப்பும் மாணவருக்கு வினாவின்மீது எவ்வளவு பிடி இருக்கும் என்ற ஐயமும் உண்மை.

மருத்துவ மாணவருக்கு ஆய்வு விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்க, இந்தியாவில் பி.எஸ்சி. செவிலியம் பயில்வோருக்கு ஆய்வும் புள்ளியியலும் பாடமாகவே உள்ளன. குழுவாக ஓர் ஆய்வை அவர்கள் செய்தாக வேண்டும். யாழ்ப்பாணம் உள்ளிட்ட இலங்கை மருத்துவ பீடங்களிலும் சமுதாய மருத்துவத்தின்கீழ் மாணவர் ஆய்வு பட்டப்படிப்பின் பகுதியாக நடைபெறுகிறது. கட்டாயம் என்பதாலேயே பங்காண்மை வந்துவிடுவதில்லை. கைகழுவும் பழக்கம், படுக்கைப் புண், மருந்து கொடுக்கும் நேரம் என்று வார்டின் உயிர்நாடியான பொருள்களைச் செவிலிய மாணவர் குழுக்கள் ஆண்டுதோறும் அளக்கின்றன. தேர்வு முடிந்ததும் அந்த அறிக்கைகள் கட்டப்பட்டு நூலக அலமாரிக்குப் போகின்றன. அடுத்த ஆண்டுக் குழு அவற்றைப் புரட்டாமலே புதிய படிவம் தயாரிக்கிறது. துறைகள் செய்ய வேண்டியது அரிதான செயலன்று. முந்தைய குழுவின் படிவத்தையும் பெயர் நீக்கிய தரவையும் புதிய குழுவின் கையில் கொடுத்து, வழிகாட்டும் ஆசிரியரின் வாரப் பணி அட்டவணையில் அதற்கென்று நேரம் ஒதுக்கி, வார்டுச் செவிலியரை முதல் கூட்டத்திலேயே அமரவைக்க வேண்டும். அதே வார்டில், அதே படிவத்தைக் கொண்டு, அதே நேரத்தில் மீண்டும் அளந்தால்தான், சென்ற ஆண்டு மாணவர்கள் சொன்னதைக் கேட்டு அங்கே எதுவாவது மாறியிருக்கிறதா என்பது தெரியவரும்.